அகழாய்வில் கிடைக்கும் பானை ஓடுகளை எப்படிப் பதிவு செய்கிறார்கள்?

கேள்வி (முதுகலை மாணவி):
வணக்கம். அடுத்த மாதம் முதன்முறையாக ஓர் அகழாய்வுக் களத்துக்குப் பயிற்சிக்குச் செல்கிறேன். குழிகளிலிருந்து கூடை கூடையாக வரும் ஓடுகள் அனைத்துக்கும் தனித்தனியாக எண் இடுவார்களா? கீழடியில் கிடைத்த, ‘ஆதன்’, ‘குவிரன்’ என்ற பெயர்கள் பொறித்த ஓடுகளைப் போன்றவற்றை எந்தக் கட்டத்தில் பிரித்தெடுப்பார்கள்?

பதில் 1 (களப்பணியில் இருப்பவர்):
எல்லா ஓட்டுக்கும் எண் கிடையாது. ஆனால் எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று தெரியாத ஓடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. குழி எண், அடுக்கு, ஆழம், தேதி எழுதிய சீட்டு தோண்டும்போதே கூடைக்குள் சேர்ந்துவிட வேண்டும்; மண்ணின் நிறமோ தன்மையோ மாறி அடுத்த அடுக்கு தொடங்கினால் கூடையையும் மாற்ற வேண்டும். பிறகு திறந்தவெளியில் கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அடுக்கின் ஓடுகளை மட்டும் கழுவிக் காயவைத்துப் பரப்பி, கருப்பு-சிவப்பு, சிவப்புப் பூச்சு என வகை பிரித்து எண்ணுவார்கள். விளிம்பு, அடிப்பகுதி, வேலைப்பாடு உள்ள ஓடுகளின் உட்புறத்தில் இந்தியன் மையால் விவரத்தைப் பொடி எழுத்தில் குறிப்பார்கள். உடைந்த ஓரத்தில் மட்டும் எழுதாதீர்கள். துண்டுகளைச் சேர்த்து ஒட்டும்போது அது மறைந்துவிடும்.

எழுத்துள்ள ஓடு குழியிலேயே கண்ணில் பட்டால், குழியில் அது கிடந்த இடத்தின் நீள, அகல, ஆழ அளவுகளை அங்கேயே எடுத்துத் தொல்பொருள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பல கீறல்கள் மண் நீங்கிய பிறகே தெரியும் என்பதால், தூரிகையால் அழுத்தித் தேய்க்காமல் விரலால் நீவிக் கழுவி, சாய்வான வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

பதில் 2 (ஓய்வுபெற்ற ஆய்வாளர்):
நான் பணியாற்றிய ஒரு களத்தில், ஓர் இரவு மழையில் சீட்டுகளின் மை கரைந்து, ஒரு வார உழைப்பு ‘அடுக்கு அறியாதவை’ என்று மூலையில் குவிந்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பென்சிலால் இரண்டு சீட்டு எழுதி, ஒன்றைப் பைக்குள் போட்டு, மற்றொன்றை வெளியே கட்டுங்கள்.

அடுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் புதுச்சேரிக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேடே சான்று. 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டியபோது, காலம் தெரிந்த அரெட்டைன் (இத்தாலியச் சிவப்பு மட்கல வகை) ஓடுகள் கிடைத்த அடுக்குகளைத் துணையாகக் கொண்டே, சிறு சக்கரத்தால் புள்ளி வரிசைகள் பதித்த ரூலெட் வகை மட்கலங்களின் காலத்தைக் கணித்தார். பின்னர் தொல்லியலாளர் விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை அங்கு அகழ்ந்து, குடியிருப்பு வீலர் கணித்ததைவிட முன்பே தொடங்கிவிட்டது என்று காட்டினார்.

மாணவி:
மிக்க நன்றி, ஐயா. உட்புறத்தில் கருகல் படிந்த ஓடுகளையும் கழுவ வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். சமைத்த உணவின் கொழுப்பு ஓட்டில் ஊறியிருக்கக்கூடும் என்பதால், வெறுங்கையால் தொடாமல் அலுமினியத் தாளில் சுற்றி, சீட்டுடன் ஆய்வகத்துக்கெனத் தனியே எடுத்து வையுங்கள்.