பாத்தி என்றால் மேடா, பள்ளமா?

கீரைக்கட்டு: கீரை விதைக்கப் பாத்தி கட்டணும். ஒருத்தர் மண்ணைக் குவித்து அரையடி உயர்த்தச் சொல்கிறார். இன்னொருத்தர் சுற்றிலும் வரப்பு போட்டு நடுவைத் தாழ்த்தச் சொல்கிறார். எது பாத்தி? ‘பார்த்து’ விதைப்பதால் பாத்தி என்று ஒரு விளக்கமும் கண்ணில் பட்டது. சரியா?

சொல்வேர்: பார்ப்பதற்கும் பாத்திக்கும் சம்பந்தமே இல்லை. வேர் ‘பகு’. பகுதி பாதி ஆன மாதிரி, பகுத்து பாத்து ஆனது. குறளிலேயே இரண்டும் உண்டு: 322இல் ‘பகுத்துண்டு’, 44இல் ‘பாத்தூண்’. வரப்பு போட்டுப் பகுத்த நிலம் பாத்தி, அவ்வளவுதான். உப்பளத்தில் உப்பு விளையும் கட்டத்துக்கும் இதே பேர்தான், அங்கே செடியா இருக்கிறது?

வரப்போரம்: வேர் சரி. ஆனால் பழைய பாட்டில் பாத்தி தண்ணீர் நிற்கிற இடம். குறுந்தொகை 262இல் யானையின் அடித்தடத்தில் தேங்கிய நீருக்குக் ‘கரும்புநடு பாத்தி’தான் உவமை. மேடாக இருந்தால் உவமை எப்படிப் பொருந்தும்? குறள் 718உம் ‘பாத்தியுள் நீர்சொரிந் தற்று’ என்கிறது. உயர்த்திக் கட்டுவதை ‘மேட்டுப்பாத்தி’ என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதைக் கவனியுங்கள்.

மண்வெட்டி: கீரைக்கு வருவோம். பங்குனி, சித்திரையில் தாழ்ந்த பாத்தி, ஈரம் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அரையடி மேடு, பக்கத்தில் வடிகால். அப்போது பள்ளத்தில் விதைத்தால் நீர் தேங்கி நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும். அகலம் 3 அடிக்கு மேல் வேண்டாம், நடுவில் களை எடுக்கக் கை எட்டாது. 3க்கு 10 அடிப் பாத்திக்கு அரை டீஸ்பூன் முளைக்கீரை விதை, இரண்டு கைப்பிடி மணலோடு கலந்து தூவி, மேலாகக் கையால் கிளறிவிட்டால் போதும்.

கீரைக்கட்டு: போன தடவை ஒரு மூலையில் மட்டும் அடர்த்தியாக முளைத்தது, மற்ற இடம் மொட்டை. விதை கோளாறா?

மண்வெட்டி: விதை இல்லை, மட்டம். பாத்தி சாய்ந்திருக்கிறது, மடை திறந்த வேகத்தில் விதையெல்லாம் பள்ளத்துக்கு அடித்துப் போய்விட்டது. விதைக்கும் முன் வெறும் பாத்தியில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், தேங்கும் இடத்தில் மண் போட்டு நிரவுங்கள். முளைக்கும் வரை பூவாளிதான், மடை வேண்டாம்.