ஐந்து வயதுப் போன்: பேட்டரியை மாற்றுவதா, போனையே மாற்றுவதா?

செங்காந்தள்:
என் ஆண்ட்ராய்டு போனுக்கு ஐந்து வயது. திரையில் கீறல் இல்லை. கேமரா என் தேவைக்குப் போதும். குறை இரண்டுதான். காலையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் மாலைவரை தாங்குவதில்லை. முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே சில நேரம் அணைந்துவிடுகிறது. இன்னொன்று, அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருக்கிறது. பேட்டரியை மட்டும் மாற்றினால் இன்னும் இரண்டு ஆண்டு ஓடும் என்கிறான் தம்பி. உடன் வேலை செய்பவர் போனையே மாற்றச் சொல்கிறார். வங்கிச் செயலிகளும் இதில்தான் இருக்கின்றன. யார் பேச்சைக் கேட்பது?

திருப்புளி:
போன் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். முப்பது சதவீதத்தில் அணைகிறது என்றால் பேட்டரிக்குத்தான் வயதாகியிருக்கிறது, போனுக்கு அல்ல. லித்தியம் அயன் பேட்டரி தேயத் தேயக் கொள்ளளவு குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். கூடவே அதன் உள்மின்தடையும் ஏறிக்கொண்டே போகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கேமராவைத் திறக்கும்போதும் சிக்னல் குறைந்த இடத்தில் பேசும்போதும் போன் ஒரே நொடியில் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். மின்தடை கூடிய பேட்டரியில் அந்த நொடி மின்னழுத்தம் சட்டென்று சரியும், போன் அணைந்துவிடும். சார்ஜரைச் செருகி மறுபடி இயக்கினால் அதே முப்பது சதவீதத்தைக் காட்டும்.

2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டதும் இந்த விவகாரத்தைத்தான். தேய்ந்த பேட்டரியுள்ள ஐபோன்கள் இப்படித் திடீரென அணையாமல் இருக்க, அவற்றின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களுக்கு அதைச் சரிவரத் தெரிவிக்கவில்லை என்று 2020இல் பிரான்சில் 2.5 கோடி யூரோ அபராதம் கட்ட நேர்ந்தது. பேட்டரியை மாற்றிய ஐபோன்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின. போனே கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

எனவே முதலில் பேட்டரியை மாற்றுங்கள். ஆனால் புதுப் பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். பெட்டிக்குள்ளேயே கிடந்தாலும் பேட்டரிக்கு வயதாகும். உங்கள் போன் வெளிவந்த ஆண்டிலேயே செய்து வைத்த பேட்டரியைப் போட்டுக்கொண்டால் சில மாதங்களில் இதே புலம்பல்தான்.

அரண்:
பேட்டரி பற்றித் திருப்புளி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்டவரின் இரண்டாவது குறையை அவர் தொடவே இல்லை. தேய்ந்த பேட்டரியை மாற்றிவிடலாம். தயாரிப்பாளர் நிறுத்திவிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பை எந்தப் பழுதுபார்ப்பவரிடமும் கேட்டு வாங்க முடியாது.

ஆண்ட்ராய்டில் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளைக் கூகுள் மாதாந்தர அறிக்கைகளில் வெளியிடுகிறது. திருத்தம் வந்து சேர்ந்த போனில் ஓட்டை அடைபட்டுவிடும். திருத்தம் வராத போனுக்கோ அந்த அறிக்கையே வினையாகிறது: எந்தப் பகுதியில் ஓட்டை, எவ்வளவு பெரிது, அதன் வழியாக என்ன செய்யலாம் என்பதெல்லாம் ஊரறிந்த செய்தியாகிவிடுகிறது. செங்காந்தளின் போனுக்கு அப்படி ஒன்றரை ஆண்டு அறிக்கைகள் குவிந்து கிடக்கின்றன.

இந்த மாதாந்தர முறை எப்போது தொடங்கியது? 2015இல் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற ஓட்டை வெளிவந்த பிறகு. வீடியோ முதலியவற்றைக் கையாளும் பகுதியில் இருந்த பிழை அது. படமோ வீடியோவோ தாங்கிய ஒரு எம்எம்எஸ் செய்தி வந்து விழுந்தாலே போதும். பயனர் அதைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. 'நான் கவனமாக இருப்பேன்' என்பவர்களுக்கு அந்த ஒரு நிகழ்வே பதில். வங்கிக் கணக்கு இருக்கும் போனில் புதுப்பிப்பு நின்றால், அன்றிலிருந்தே அடுத்த போனைத் தேடத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேம்பன்:
இந்த அச்சத்தை ஊட்டித்தான் நல்ல போன்களையெல்லாம் குப்பைக்கு அனுப்புகிறோம். உலகில் 2022இல் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் 2024 மின்கழிவு அறிக்கை சொல்கிறது. ஒரு போன் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பின்போதே நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே சூழலுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, இருப்பதை நீண்ட நாள் வைத்துக்கொள்வதுதான்.

பணம் பறிபோவது எப்படி என்றும் பாருங்கள். ஓடிபியைக் கேட்டு வாங்குகிறார்கள். பார்சல் வந்திருக்கிறது, மின்கட்டணம் பாக்கி என்று இணைப்பை அனுப்பிப் போலிச் செயலியை நிறுவ வைக்கிறார்கள். நேற்று வாங்கிய போனாக இருந்தாலும் ஓடிபியைச் சொன்னால் பணம் போகத்தான் செய்யும்.

அரண்:
ஓடிபியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. போலிச் செயலியைப் பொறுத்தவரை சரியில்லை. அங்கே போனின் வயது நேரடியாகக் குறுக்கிடுகிறது.

போலிச் செயலி நிறுவப்பட்டதும் முதலில் கேட்பது 'அணுகல்தன்மை' அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்டுவதற்காக இருக்கும் வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் அந்தச் செயலி உங்கள் திரையில் இருப்பதையெல்லாம் படிக்கும். உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13, செயலிக் கடைக்கு வெளியிலிருந்து நிறுவிய செயலிக்கு இந்த அனுமதி எளிதில் கிடைக்காதபடி தடுத்தது. சுவிட்சைத் தொட்டால் 'தடைசெய்யப்பட்ட அமைப்பு' என்று எச்சரித்து நிற்கும். அதைத் தாண்டவும் வழி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொலைபேசியில் அவசரப்படுத்திக்கொண்டிருக்கும் மோசடிக்காரனின் பேச்சுக்கு நடுவே அந்த எச்சரிக்கை ஒருவரை நிறுத்தி யோசிக்க வைக்கும். பழைய பதிப்புகளில் அந்த நிறுத்தம் இல்லை.

வேம்பன்:
இது நல்ல தகவல், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இது எந்த ஆண்ட்ராய்டுப் பதிப்பு என்பதைப் பொறுத்தது; போனின் வயதைப் பொறுத்தது அல்ல. செங்காந்தள், உங்கள் போனில் எந்தப் பதிப்பு ஓடுகிறது?

வயதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். 2013இல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. 2015இல் வந்த ஃபேர்ஃபோன் 2-க்கு அதன் சிறிய தயாரிப்பாளர் 2023 வரை மென்பொருள் ஆதரவு தந்தார். பயனர் கையாலேயே பேட்டரியைக் கழற்றி மாட்டக்கூடிய போன் அது. ஒரு சிறு நிறுவனத்தால் முடிந்தது பெரிய நிறுவனங்களால் முடியாதா? இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆதரவை நிறுத்தியவர்கள் மனம் வைக்கவில்லை, அவ்வளவுதான். அவர்களின் கணக்குக்கு நாம் ஏன் தாளம் போட வேண்டும்?

செங்காந்தள்:
ஆண்ட்ராய்டு 12. அதற்கு மேல் வராது என்று தயாரிப்பாளரின் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

கயல்:
செயலிகளின் பக்கத்தையும் யாராவது பேச வேண்டும். பலருக்குப் போனை மாற்றும் நாளைக் குறிப்பது பேட்டரியும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. ஒரு காலையில் தேவையான செயலி திறக்காமல் போவதுதான். 2025 மே முதல் ஐபோனில் வாட்ஸ்அப் ஓட, அதன் இயங்குதளமான ஐஓஎஸ் 15.1 பதிப்பாவது வேண்டும் என்றாகிவிட்டது. ஐபோன் 6 வைத்திருந்தவர்களுக்கு அன்றோடு முடிந்தது. வங்கிச் செயலிகளும் குறைந்தபட்சப் பதிப்பை அவ்வப்போது உயர்த்துகின்றன. அந்த நாள் வரும்வரை காத்திருந்தால் அவசரத்தில் கிடைத்ததை வாங்க நேரும். உரையாடல்களை, படங்களை, ஓடிபி வரும் எண்ணை நிதானமாக மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்காது. ஆண்ட்ராய்டு 12 இன்று ஓடுகிறது. ஆனாலும் மாற்றத்துக்கு இப்போதே தயாராகலாம்.

வேம்பன்:
அரண் இன்னொன்றையும் விட்டுவிட்டார். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், இயங்குதளத்தின் சில முக்கியப் பகுதிகளைக் கூகுள் தன் செயலிக் கடை வழியாகவே புதுப்பிக்கிறது. தயாரிப்பாளர் கைவிட்டாலும் அவை வந்துகொண்டிருக்கும். ஸ்டேஜ்ஃபிரைட் ஓட்டை இருந்த ஊடகப் பகுதியும் அதில் அடக்கம். உலாவியும் தனியே புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே 'புதுப்பிப்பு நின்றது' என்றால் எல்லாமே நின்றுவிட்டது என்று பொருளல்ல.

அரண்:
நிற்காதவற்றைச் சொன்னீர்கள், நின்றவற்றையும் சொல்ல வேண்டும். இயங்குதளத்தின் மையமான கர்னல், திரைக்காட்சிகளை உருவாக்கும் சிப்பை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவர், சிக்னலைக் கையாளும் மோடத்தின் மென்பொருள் இவை எதுவும் அந்த வழியில் வருவதில்லை. 2023 அக்டோபரில், பல போன்களுக்குச் சிப் தரும் க்வால்காம் நிறுவனம் தன் கிராபிக்ஸ் டிரைவர் உள்ளிட்டவற்றில் இருந்த ஓட்டைகள் ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுத்தப்பட்டு வருவதாக அறிவித்தது. அதற்கான திருத்தத்தைக் க்வால்காம் தயாரிப்பாளருக்குத் தரும். அவர்தான் உங்களுக்குத் தர வேண்டும். அவர் நிறுத்திவிட்டால் அது உங்களை வந்தடைய வழியே இல்லை.

வேம்பன்:
அதே அறிவிப்பு அந்தத் தாக்குதல் குறிப்பிட்ட சிலரைக் குறிவைத்த, அளவில் சிறிய தாக்குதலாக இருக்கலாம் என்றும் சொன்னது. அத்தகைய விலையுயர்ந்த ஓட்டைகள் பெரும்பாலும் பத்திரிகையாளர்கள் மீதும் செயல்பாட்டாளர்கள் மீதும்தான் ஏவப்படுகின்றன. சாதாரணக் குடும்பத்தின் சேமிப்புக் கணக்கைத் தேடி அவை வருவதில்லை.

அரண்:
ஓட்டை இரகசியமாக இருக்கும்வரைதான் அது விலையுயர்ந்தது. திருத்தம் வெளியானதும் அதைப் பிரித்துப் பார்த்து வழியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்; பிறகு யார் கைக்கும் போகலாம். புதுப்பிப்பு நின்ற போன்களின் ஆபத்து காலத்தோடு கூடுவது இதனால்தான். முதல் மாதம் சிறிது. ஒன்றரை ஆண்டில் அது சிறிதல்ல.

திருப்புளி:
நடுவே ஒரு எச்சரிக்கை. செங்காந்தள், போனைக் கண்ணாடி மேசையில் மல்லாக்க வைத்துப் பாருங்கள். ஆடினாலோ, திரையின் ஓரம் தூக்கி நகம் நுழையும் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. உள்ளே மின்பகுளி சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படி இருந்தால் சார்ஜ் ஏற்றாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், நீங்களே நெம்பிக் கழற்றவும் பார்க்காதீர்கள். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

செங்காந்தள்:
பார்த்துவிட்டேன், ஆடவில்லை. எல்லாவற்றையும் படித்தபின் ஒரு யோசனை வருகிறது. எனக்குப் புதுப் போன் வாங்கிக்கொண்டு, இதில் பேட்டரி மாற்றி அம்மாவுக்குக் கொடுத்துவிடலாமா? அவர் பேசுவதற்கும் படம் பார்க்கவும்தான் பயன்படுத்துவார். போனும் வீணாகாது.

அரண்:
வேண்டாம். இதை மட்டும் செய்யாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: மோசடியை எளிதில் அடையாளம் காணக்கூடியவர் புதிய போனுக்குப் போகிறார், அடையாளம் காண மிகவும் சிரமப்படுபவர் கைக்குப் பாதுகாப்பு குறைந்த போன் போய்ச் சேருகிறது. பேச மட்டும்தான் என்று கொடுத்த போனில் ஓய்வூதியக் கணக்கின் குறுஞ்செய்தி வரும். பிறகு ஒருநாள் பேரனே பணம் செலுத்தும் செயலியையும் நிறுவிக் கொடுப்பான். நான் சொன்ன அந்த ஆண்ட்ராய்டு 13 எச்சரிக்கை உங்களைவிட அம்மாவுக்குத்தான் அதிகம் தேவை.

கயல்:
அரணோடு முழுக்க உடன்படுகிறேன். வயதானவர்கள் 'படம் பார்க்க மட்டும்' போனைப் பயன்படுத்தி நான் கண்டதில்லை. வீட்டில் ஒரு புதுப் போன்தான் வாங்க முடியும் என்றால், அதை அம்மாவுக்குக் கொடுக்கலாமா என்று யோசியுங்கள்.

வேம்பன்:
இதில் நானும் எதிர்க்கவில்லை. பழைய போனை வைத்துக்கொள் என்று நான் சொல்வது, அதன் குறையைத் தெரிந்து பயன்படுத்துகிறவருக்கு. தெரியாதவர் தலையில் கட்டுவதற்கு அல்ல. ஆனால் 'கொடுக்காதே' என்பதற்கும் 'தூக்கிப் போடு' என்பதற்கும் இடையே நிறைய இடம் இருக்கிறது. சிம் இல்லாமல், வங்கி இல்லாமல், உங்கள் முதன்மை மின்னஞ்சல் கணக்கு இல்லாமல் பாட்டு கேட்கவும் புத்தகம் படிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிது வாங்குவதாக முடிவானால், எத்தனை ஆண்டு புதுப்பிப்பு என்பதைத்தான் முதலில் கேளுங்கள். கேமராவைப் பிறகு பார்க்கலாம். 2023இல் கூகுளின் பிக்சல் 8-க்கும், 2024இல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டு வாக்குறுதி வந்தது. அந்த ஏழு ஆண்டு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மூன்று ஆண்டு கழித்துச் சலுகையில் வாங்கினால் நான்குதான் மிச்சம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது: ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு புதுப்பிப்பு, ஏழு ஆண்டு உதிரிபாகம். பேட்டரி 800 முறை முழுதாக ஏறி இறங்கியபின்னும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும். எல்லா நாடுகளிலும் மக்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

செங்காந்தள்:
அப்படியென்றால் வங்கிச் செயலிகளை இன்றே நீக்கிவிடுகிறேன். பேட்டரி மாற்றுவதில் இனி பயன் உண்டா?

திருப்புளி:
தயாரிப்புத் தேதி புதிதாக உள்ள பேட்டரி கிடைத்தால் மாற்றுங்கள். பாட்டு கேட்க வைத்திருந்தாலும் தேய்ந்த பேட்டரியோடு மேசை இழுப்பறையில் மாதக்கணக்கில் கிடப்பது நல்லதல்ல. ஏறக்குறைய பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூடியைத் திறந்து ஒட்டியபின் நீர் புகாத தன்மையை நம்பாதீர்கள்.

அரண்:
செயலியை நீக்கினால் மட்டும் போதாது. முதலில் செயலிக்குள்ளேயே போய் இந்தச் சாதனத்தின் பதிவை ரத்து செய்யுங்கள். சில வங்கிகளில் அதை வங்கியின் இணையதளத்தில்தான் செய்ய முடியும். அது முடிந்தபின் செயலியை நீக்குங்கள். ஓடிபி வரும் சிம் இந்தப் போனில் இருக்கும்வரை ஆபத்து முழுதும் நீங்கவில்லை. ஆகவே புதுப் போன் வரும்வரை செயலிக் கடைக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவாதீர்கள்.