நிச்சய மோதிரத்தில் சந்திரகாந்தக் கல் பதிக்கலாமா?

கருங்கல் தம்பி:
ஆவணியில் எனக்கு நிச்சயதார்த்தம். பெண் முட்டத்துக்காரி. வைரம் வேண்டாம், சந்திரகாந்தக் கல் மோதிரம்தான் வேண்டும் என்கிறாள். வெள்ளைக்குள் நீலம் நகர்கிற அந்த ஒளியில் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. கழற்றாமல் அணியப் போகிறாளாம். வீட்டிலோ, "மென்மையான கல், நிலைக்காது" என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வடசேரிப் பட்டறை:
தம்பி, வேண்டாம். கல் பதிப்பதுதான் எங்கள் குடும்பத் தொழில். அதனால் உறுதியாகச் சொல்கிறேன். ஒரு கல் கீறலை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9. சந்திரகாந்தம் 6 முதல் 6.5 வரைதான். வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகளே 7. தூசி படிந்த கல்லைத் துணியால் அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும். அதிலும் முட்டம் என்கிறீர்கள். மணவாளக்குறிச்சிப் பக்கம் கரையில் கறுப்பும் சிவப்புமாகக் கிடக்கும் மணலை ஒரு கை அள்ளிப் பாருங்கள். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், கூடவே சிர்கான். கார்னெட் நம் கோமேதகத்தின் குடும்பம், சிர்கான் 7.5. அந்த மணல் காலோடு வீட்டுக்குள் வந்து பாயிலும் படுக்கையிலும் கிடக்கும். கழற்றாமல் அணிந்தால் சில வருடங்களில் கல்லின் முகம் பனி படிந்த கண்ணாடி ஆகிவிடும். நீலக்கல் பதியுங்கள்.

தக்கலை ஆசிரியை:
அண்ணாச்சி, நான் ஒன்பது வருடமாகச் சந்திரகாந்தம் அணிகிறேன். கீறல் இல்லை என்று சொல்லமாட்டேன். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தலைமுடி போல மெல்லிய கோடுகள் தெரிகின்றன. ஆனால் உள்ளே ஓடும் நீலத்துக்கு ஒரு குறையும் இல்லை. பட்டை தீட்டாத குமிழ்க் கல் என்பதால் மறுபடி மெருகேற்றவும் முடியும். மோஸ் அளவுகோலின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கல்லை எடை போடாதீர்கள். கீறலைத் தாங்கும் கடினம் வேறு, உடையாமல் நிற்கும் உறுதி வேறு. ஜேடு என்னும் பச்சைக் கல் 7-ஐத் தாண்டாது. ஆனால் எளிதில் உடையாது. 10 வாங்கிய வைரம் ஓங்கி அடித்தால் பிளந்துவிடும்.

வடசேரிப் பட்டறை:
ஜேடு உள்ளே நார் நாராகப் பின்னிக் கிடக்கிறது, அதனால் தாங்குகிறது. சந்திரகாந்தத்தில் எளிதில் பிளந்துகொள்ளும் பிளவுத் தளம் இரண்டு திசைகளில் உண்டு. அம்மிக் குழவியில் ஒருமுறை இடித்தால் போதும். கீறலுக்கு மெருகு போடலாம் டீச்சர், பிளந்த கல்லுக்கு என்ன செய்வீர்கள்?

குலசேகரம் ரப்பர்த் தோட்டம்:
பட்டறைக்காரர் சொல்வதுதான் சரி. என் மனைவிக்கு முத்து மோதிரம் போட்டேன். ரப்பர்ப் பாலை உறைய வைக்க நாங்கள் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவோம். அவளும் கூட நின்று வேலை செய்தாள், மோதிரத்தைக் கழற்றவில்லை. இரண்டே மழைக்காலத்தில் முத்தின் பளபளப்புப் போய்ச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகிவிட்டது. அவள் இன்னும் அதைப் பெட்டியில் வைத்திருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

தக்கலை ஆசிரியை:
கேட்கவே வருத்தமாக இருக்கிறது அண்ணா. ஆனால் முத்து கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரையும். சந்திரகாந்தத்தைப் புளியோ எலுமிச்சையோ ஒன்றும் செய்யாது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பிளவு பற்றி அண்ணாச்சி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் என் மோதிரத்தில் நான்கு பொன் நகங்களால் பிடிக்காமல், கல்லைச் சுற்றிலும் பொன் விளிம்பு கட்டச் சொன்னேன். இடி முதலில் பொன்னில் விழும்.

முட்டத்துப் பெண்:
அந்தப் பெண் நான்தான். மீன் கழுவுகிறவள், மணலில் நடக்கிறவள். கீறல் விழும் என்று தெரிந்தே கேட்கிறேன். நீலக்கல் எல்லோருக்கும் ஆகாது என்று அம்மா பயப்படுவது ஒருபுறம் இருக்கட்டும். எனக்கே அந்தக் கல்லில் மனம் போகவில்லை. ஆனால் பட்டறை அண்ணாச்சி சொன்ன பிறகு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். கழற்றாமல் அணியமாட்டேன். அடுக்களைக்கும் கடற்கரைக்கும் போகும்போது கழற்றி வைத்துவிடுவேன்.

வடசேரிப் பட்டறை:
அப்படியானால் சரி, மகளே. கழற்றி வைப்பதாக இருந்தால் நானே பதித்துத் தருகிறேன். மோதிரத்தின் தலை உயரக்கூடாது, விளிம்பு கல்லின் தோள் வரை ஏற வேண்டும். கல்லை வாங்கும் முன் லென்ஸில் பாருங்கள். சந்திரகாந்தத்துக்குள் பூரான் கால்கள் போலச் சிறு வெடிப்புகள் இருக்கும். நடுவில் ஆழத்தில் இருந்தால் பயமில்லை. ஓரத்தைத் தொட்டால் வாங்காதீர்கள், பதிக்கும்போதே என் கையில் பிளந்துவிடும்.

கருங்கல் தம்பி:
சனிக்கிழமை இருவரும் வருகிறோம் அண்ணாச்சி. இரண்டு மூன்று கல்லாகக் கொண்டுவருகிறோம், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.