பொங்கலுக்கு நம் பள்ளிக்கு அனுப்பும் கதைப்புத்தகங்கள்: பட்டியலுக்கு முன் ஒரு வேண்டுகோள்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்குப் பினாங்கிலிருந்து வணக்கம்.

நம் ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு இந்த முறை அறிவியல், உடல்நலக் கதைப்புத்தகங்கள் வாங்கித் தருவதென்று முடிவானதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இங்கே ஜார்ஜ் டவுனில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் கதை வாசித்துக் காட்டுகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கை கழுவாத பையனுக்கு வயிற்றுவலி வரும், மருத்துவர் ஊசி போடுவார், பையன் திருந்துவான். உடல்நலக் கதைகளில் பல இப்படித்தான் இருக்கின்றன. நோய் வந்தவன் தப்புச் செய்தவன் என்ற எண்ணம்தான் பிள்ளைகள் மனத்தில் தங்கும். காய்ச்சலில் கிடந்து மீண்டு வகுப்புக்கு வரும் குழந்தையை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? அத்தகைய புத்தகம் ஒன்றுகூட நம் பள்ளி அலமாரிக்குப் போகக்கூடாது.

கதையின் முடிச்சே அறிவியலாக இருக்க வேண்டும். டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள், இங்கும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பெருகி நள்ளிரவில் கடிப்பதாகப் படம் போட்டிருந்தால் புத்தகத்தை அப்படியே கடையில் வைத்துவிடுங்கள். ஏடிஸ் கொசு பெருகுவது பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் மூடாத குடத்திலும் தேங்கும் தெளிந்த நீரில். கடிப்பது பெரும்பாலும் பகலில், அதுவும் பெண் கொசு மட்டும். முட்டை வளர அதற்கு இரத்தம் வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கும். அவை பல மாதம் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நீர் பட்டதும் பொரியும். தண்ணீரைத்தான் கொட்டிவிட்டார்களே, பிறகு கொசு எங்கிருந்து வந்தது? ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல துப்பறியும் கதை வேண்டுமா! முட்டை கொசுவாக மாற ஏழெட்டு நாள், பத்து நாள் போதும் என்பதையும் கதையில் சேர்த்துவிட்டால், வாரந்தோறும் தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டிய காரணத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மனிதர்களின் கதையும் வேண்டும். 1879-ல் இதே பினாங்கில் பிறந்தவர் மருத்துவர் வூ லியென் தே. 1910-ன் இறுதியில் சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியபோது எலியும் தெள்ளுப்பூச்சியுமே காரணம் என்று பலர் நம்பினார்கள். இருமலில் காற்றுவழியாகப் பரவுகிறது என்று கண்டறிந்த அவர், பஞ்சு வைத்த துணிக் கவசத்தை முகத்தில் கட்டச் சொன்னார். அதை ஏற்காமல் நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் அதே நோயில் இறந்தார். இதைச் சொன்னபோது ஒரு சிறுமி, "அவரும் மருத்துவர்தானே, ஏன் நம்பவில்லை?" என்று கேட்டாள். அன்று மீதி நேரம் முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேசினோம்.

பணம் குறைவாக இருந்தால், பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிடலாம். அதற்கு அனுமதி உண்டு. சென்னையில் இருப்பவர்கள் அச்சுச் செலவை விசாரித்து எழுதுங்கள். நம்மில் மருத்துவரும் செவிலியரும் இருக்கிறீர்கள். தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் உங்களில் ஒருவர் படித்துச் சரிபார்த்துத் தர வேண்டும். ஊரில் இருக்கும் அக்காமாரில் யார் வாரம் ஒருநாள் பள்ளிக்குப் போய் வாசித்துக் காட்ட முடியும் என்பதையும் தெரிவியுங்கள்.