பாலிபாஸ்பேட் துளிக்குள் டிஎன்ஏ நுழைகிறதா? உதவி தேவை

கிளமெண்டி மாணவி: வணக்கம். பாலிபாஸ்பேட் (பாஸ்பேட் அலகுகள் சங்கிலியாக இணைந்த மூலக்கூறு) கரைசலில் மெக்னீசியம் சேர்த்ததும் குழாய் பால்போல் கலங்குகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டையான துளிகள் ஒன்றையொன்று தொட்டவுடன் கலந்து பெரிதாகின்றன. டிஎன்ஏ சேர்த்துச் சாயமிட்டபோது துளி முழுவதும் ஒளிர்ந்ததால், டிஎன்ஏ உள்ளே நுழைவதாக எழுதிவிட்டேன். ஆனால் அது ஓரத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறார் மேற்பார்வையாளர். வெள்ளிக்கிழமைக்குள் விடை வேண்டும்.

தோ பாயோ அக்கா: என்ன சாயம், தங்கச்சி? மெக்னீசியத்தின் செறிவு எத்தனை மில்லிமோலார்? டிஎன்ஏ எவ்வளவு நீளம்?

ஈசூன்வாசி: டிஎன்ஏவை, அதைச் சேமிக்கப் பயன்படும் டிஇ கரைசலில் வைத்திருந்தீர்களா? அதிலுள்ள இடிடிஏ என்ற வேதிப்பொருள் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். கோளாறு அங்கேதான்.

மூத்த உறுப்பினர்: கேட்கும் முன் அடிப்படை வேதியியலைப் புரட்டியிருக்கலாம். டிஎன்ஏ, பாலிபாஸ்பேட் இரண்டுமே எதிர்மின்னேற்றம் கொண்டவை, விலகத்தான் செய்யும்.

தோ பாயோ அக்கா: ஐயா, அப்படியானால் பாலிபாஸ்பேட் சங்கிலிகளே ஒன்றுகூடியிருக்கக் கூடாது. அவற்றை இணைக்கும் மெக்னீசியம், துளியின் மேற்பரப்பில் டிஎன்ஏவையும் பிடித்து நிறுத்தும்.

மூத்த உறுப்பினர்: குழாயில் நடப்பது செல்லிலும் நடக்கும் என்பதற்கு என்ன உறுதி?

தோ பாயோ அக்கா: உறுதி இல்லைதான்; செல்லுக்குள் புரதங்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆனால் நைட்ரஜன் கிடைக்காத சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியாவில் பாலிபாஸ்பேட் குருணைகள் டிஎன்ஏ செறிந்த பகுதியிலேயே, ஏறக்குறைய சீரான இடைவெளியில் அமைகின்றன. அந்த அண்மையை ஒதுக்கிவிட முடியாது.

கிளமெண்டி மாணவி: மன்னிக்கவும், சாயம் டாபி. மெக்னீசியம் 100 மில்லிமோலார்.

புக்கிட் பாத்தோக்: ஈசூன் நண்பரே, டிஇ கரைசலில் இடிடிஏ வழக்கமாக 1 மில்லிமோலார்தான், 100-க்கு முன்னால் அது எம்மாத்திரம்? சிக்கல் சாயத்தில் இருக்கிறது. டாபி பாலிபாஸ்பேட்டிலும் ஒட்டும். டிஎன்ஏவோடு சேர்ந்தால் 460 நானோமீட்டர் அலைநீளத்தில் நீலமாகவும், பாலிபாஸ்பேட்டோடு சேர்ந்தால் 525 முதல் 550 வரை மஞ்சள் கலந்த பச்சையாகவும் ஒளிரும். உங்கள் நுண்ணோக்கியின் ஒளி வடிகட்டி அகலமான அலைநீள வரம்பை விடுவதாக இருந்தால் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். டிஎன்ஏ சேர்க்காத ஒரு குழாயிலும் டாபி இட்டுப் பாருங்கள். பிறகு, முனையில் வேறு சாயம் பிணைக்கப்பட்ட டிஎன்ஏவைப் பயன்படுத்துங்கள். நீளமான டிஎன்ஏ ஓடுபோல் படிந்து, துளிகள் கலப்பதைத் தாமதப்படுத்தும் என்பதால் துளிகளின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈசூன்வாசி: இருந்தாலும் இடிடிஏ இல்லாமல் ஒருமுறை செய்துபார்ப்பது நல்லது.

கிளமெண்டி மாணவி: டிஎன்ஏ இல்லாத குழாயும் ஒளிர்ந்தது. புதிய சாயத்தில் துளியைச் சுற்றி மெல்லிய வளையம் மட்டுமே தெரிகிறது. மிக்க நன்றி.