பூனாவில் மூன்று வருடம், இன்னும் எந்தக் கோவிலும் நம்ம கோவிலாகவில்லை

தேரிமணல்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் முதலூர். பூனாவுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம். மூன்று சபைகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். ஒன்றில் இங்கிலீஷ் ஆராதனை, கிடார், டிரம்ஸ். அன்பாகத்தான் சிரிப்பார்கள், வாசலைத் தாண்டினால் அவரவர் கார். அடுத்தது வீட்டு ஜெபக்கூட்டம். குழந்தையில் எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி எடுங்கள் என்று முதல் நாளே சொன்னார்கள். தாத்தா தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்த ஞானஸ்நானம் அது. எழுந்து வந்துவிட்டேன். மூன்றாவது மராத்தி. ஒன்றும் புரியவில்லை.

ஊரில் நான் பெரிய பக்திமான் எல்லாம் இல்லை. பிரசங்கத்தில் தூங்குகிறவன். ஆனால் சபையே சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பக்கத்து வீட்டு மாமா வீம்புக்கு ஒரு பூசணிக்காய்க்கு விலை ஏற்றுவாரே, அதுதான் கண்ணிலேயே நிற்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு அம்மா மஸ்கோத் அல்வா அனுப்பினாள். கொடுக்க ஆளில்லாமல் ஒரு வாரம் நானே தின்றேன்.

வெளியூரில் ஒரு சபை உங்களுக்குச் சொந்தமாக எத்தனை நாள் ஆனது?

பழைய பாடகர்:
தம்பி, அந்த மராத்திக் கோவில் சி.என்.ஐ. (வட இந்தியத் திருச்சபை) என்றால் தயங்காதீர்கள். நம்ம சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) 1947இல் உருவானது, அது 1970இல், உறவு சபைகள்தான். ஊர் ஐயரிடம், அதாவது போதகரிடம், ஒரு கடிதம் வாங்கிப் போங்கள். நாராயண வாமன் திலக் என்று ஒரு மராத்திக் கவிஞர், 1895இல் ஞானஸ்நானம் எடுத்தவர். அவருடைய பாட்டுகளைக் கேளுங்கள். நம்ம வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை மாதிரி, அந்த மண்ணின் மெட்டு. வார்த்தை புரியாவிட்டாலும் கை தானாகத் தாளம் போடும்.

ஓரத்து பெஞ்சு:
ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். ஊர்க்கோவில் எல்லாருக்கும் வீடாக இருந்ததில்லை. எங்கள் ஊரில் எந்தத் தெருக்காரர் எங்கே உட்காருவது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். கல்லறைத் தோட்டம்கூடத் தனித்தனி. பம்பாய்க்கு வந்த பிறகுதான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். முதல் வாரம் யாராவது எழுப்பிவிடுவார்களோ என்று முதுகு கூசியது.

ரூத் அக்கா:
ஓரத்து பெஞ்சு சொல்வது நிஜம், எங்கள் பக்கமும் உண்டு. தேரிமணல் தம்பி, உங்கள் முதலூரே 1799இல், கிறிஸ்தவர்களானதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்கள் இடம் வாங்கிக் குடியேறிய ஊர்தானே? அவர்களுக்கும் முதல் வருடம் அது அந்நிய மணல்தான். எனக்கு டெல்லியில் ஒன்றரை வருடம் ஆனது. ஆராதனை முடிந்ததும் ஓடாமல் டீ டம்ளர் கழுவப் போனேன். அங்கேதான் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தேரிமணல்:
ஓரத்து பெஞ்சு அண்ணே, கோபம் இல்லை. எங்கள் கோவிலில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சிலரை எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

நேற்று மராத்திக் கோவிலுக்கே திரும்பப் போனேன். ஒரு பாட்டு நம்ம பாமாலை (ஊர்க்கோவில் பாட்டுப் புத்தகம்) ராகம். நான் பாட்டுக்குத் தமிழில் பாடினேன். பக்கத்துத் தாத்தா திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் சத்தமாகப் பாடினார். முடிந்ததும் நாற்காலி அடுக்கச் சொன்னார்கள். அக்கா, டம்ளர் கழுவ ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

அம்மாவிடம் அல்வா இரண்டு கிலோ கேட்டிருக்கிறேன்.