காலநிலை மாற்றப் பாடம்: உங்கள் மனதை விட்டுப் போகாத சம்பவம் எது?

வேளச்சேரி டீச்சர்:
போன வருஷம், எட்டாம் வகுப்பு. பசுமை இல்ல வாயு, கார்பன் டை ஆக்சைடு எல்லாம் நடத்தி முடித்துவிட்டு, "காலநிலை மாற்றம்னா மனசுல என்ன வருதோ அதை வரைங்க" என்றேன். நாற்பது நோட்டில் முப்பதுக்கு மேல் பனிக்கரடிதான். ஒரு பெண் மட்டும் ஃப்ரிட்ஜ் வரைந்திருந்தாள். ஹாலோ பிளாக் கல் அடுக்கி, மேலே பலகை, அதன்மேல் ஃப்ரிட்ஜ். பக்கத்துச் சுவரில் குறுக்காக ஒரு கோடு. நான் சிவப்பு மையில் "தலைப்புக்குப் பொருத்தமில்லை" என்று எழுதி, பத்துக்கு நாலு போட்டேன். மறுநாள் அவளாகவே பனிக்கரடி வரைந்து எடுத்துவந்தாள். எட்டு போட்டேன்.

அந்தக் கோடு என்னவென்று வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டிலும் தண்ணீர் நின்றது. எங்கள் சுவரிலும் அதே கோடு இருக்கிறது. இரண்டு தடவை பெயின்ட் அடித்தும் மழைக்காலத்தில் ஊறி வெளியே தெரியும். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புகிறேன்.

வடசென்னை தன்னார்வலர்:
எண்ணூர் பக்கம் ஒரு பள்ளி. மரம் நடுவது பற்றிப் பேசப் போயிருந்தேன். எல்லாருக்கும் வேப்பங்கன்று. பேசி முடித்ததும் ஏழாவது படிக்கிற பையன் ஒருவன் என்னைக் கையைப் பிடித்து மதிலோரம் கூட்டிப்போனான். அங்கே நின்ற மரத்தில் ஒரு இலையைப் பறித்து, விரலால் அழுத்தித் தேய்த்து, விரலைக் காட்டினான். சாம்பல். ஒன்றுமே பேசவில்லை அவன்.

அனல்மின் நிலையச் சாம்பல்தான். நிலக்கரி எரிந்தால் இந்தச் சாம்பலும் வரும், கார்பன் டை ஆக்சைடும் வரும். ஒன்று அவன் விரலில் ஒட்டுகிறது, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாமல் மேலே போகிறது. இதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். "கன்றுக்கு மறக்காம தண்ணி ஊத்துப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்:
டீச்சர், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு மதிப்பெண் போட்டது தவறுதான். ஆனால் அந்தக் கோடு முழுவதையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும், அதனால் பெய்கிற மழை கொட்டித் தீர்க்கும். அதுவரை சரி. ஆனால் பெய்த தண்ணீர் ஏன் வீட்டுக்குள் நின்றது? தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். அந்தச் சதுப்பில் குப்பைக் கிடங்கு, சாலை, கட்டடம் எல்லாம் ஏறிவிட்டன. 2022-ல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தோம், நல்லது. அதற்கு முன் போன இடம் திரும்பவில்லை. இரண்டு காரணத்தையும் பிரித்துச் சொல்லாவிட்டால், எல்லாப் பழியும் வானத்தின்மேல் போய்விடும்.

என் சம்பவம் சிறியது. "சார், ஓசோன் ஓட்டையை அடைச்சிட்டா சூடு குறைஞ்சிடுமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். "ஆமாம்" என்றேன். ஓசோன் தடுப்பது புற ஊதாக் கதிரை. பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம் நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும். அது வேறு, இது வேறு என்று நான் தெளிந்தபோது அவன் பள்ளியை விட்டே போயிருந்தான்.

வகுப்பெடுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பக்கவாட்டு நேராக இருக்கிற பாட்டிலை எடுங்கள். மேல்பகுதியை வெட்டி, புனல்போலக் கவிழ்த்து அதிலேயே வையுங்கள். அடியில் வளைவு இருந்தால் கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சமமாக்கி, அந்த மட்டத்தில் ஸ்கேலின் சுழியத்தை ஒட்டுங்கள். மொட்டைமாடியில் வைத்தால் மழைமானி தயார். தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுதச் சொல்லுங்கள். கூடவே சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியின் இருப்பையும் எழுதட்டும். 2019-ல் அந்த நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கதையை அப்போது சொல்லுங்கள். பிறகு அவரவர் வீட்டு மழைநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள். மழைநீர் சேகரிப்பை 2003-லேயே அரசு கட்டாயமாக்கியது. பல வீட்டில் குழாய் இருக்கும், கீழே தொட்டி தூர்ந்துபோயிருக்கும்.

தாம்பரம் அம்மா:
சார், அளக்கக் கற்றுக்கொடுப்பது நல்லதுதான். பயத்தை என்ன செய்வது? என் மகனுக்கு ஒன்பது வயது. மின்சாரத்தை வீணாக்கினால் பூமி அழியும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். மே மாதம், ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்க்கிறேன், என் மாமியார் அறையில் ஃபேன் ஓடவில்லை. அவருக்கு வியர்த்து ஜாக்கெட்டெல்லாம் நனைந்திருக்கிறது. இவன் கட்டிலில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே அழுகிறான். "ஃபேன் போட்டா பூமி செத்துடும்மா, போடலைன்னா பாட்டி செத்துடுவாங்களாம்மா?"

ஃபேனைப் போட்டுவிட்டு அவனை மடியில் படுக்கவைத்தேன். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. எண்ணூரில் எரிகிற நிலக்கரிக்கு என் பிள்ளை ஏன் ராத்திரி முழித்திருக்க வேண்டும்? வகுப்பில் சொல்பவர்கள் பிள்ளைகளின் வயதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வேளச்சேரி டீச்சர்:
சார், சதுப்பைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, நான் வகுப்பில் அதைத் தொட்டதே இல்லை. அம்மா, உங்கள் மகனிடம் சொன்னதைப்போல நானும் சொல்லியிருக்கிறேன். இனி சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண் இப்போது ஒன்பதாவது சி பிரிவு. திங்கட்கிழமை இடைவேளையில் அவளைப் பார்த்து, அந்த முதல் படம் இன்னும் இருக்கிறதா என்று கேட்கப்போகிறேன்.